குரூப் பாலிசி மோதல்: சேர்த்த பெயர் ஏன் காணாமல் போகிறது?

கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றலாம் என்று போகிறீர்கள். மற்ற கட்டங்களில் எல்லாம் டிக் அடையாளம் ஏற்படுத்த முடிகிறது. நீங்கள் தேடி வந்த கட்டம் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கிப்போய் நிற்கிறது. அதற்கு மேலே, இந்த செட்டிங்குகளில் சிலவற்றை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எங்கிருந்து வந்தது நிறுவனம்?

இதற்குப் பின்னால் இருப்பதுதான் குரூப் பாலிசி. பல கம்ப்யூட்டர்கள் உள்ள அலுவலகத்தில், ஒவ்வொன்றின் முன்னும் போய் உட்கார்ந்து செட்டிங் மாற்றாமல், ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் சட்டம் போட மைக்ரோசாப்ட் தந்த வழி இது. 1996ல் வந்த விண்டோஸ் என்டி 4 சிஸ்டத்தில் இதன் மூதாதை ஒன்று இருந்தது. அதில் ஒரு தொல்லை உண்டு. ஒருமுறை போட்ட கட்டுப்பாடு, பச்சை குத்தியது போல ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும். சட்டத்தை எடுத்த பிறகும் அழியாது. 2000 பிப்ரவரியில் வெளியான விண்டோஸ் 2000, ஆக்டிவ் டைரக்டரியுடன் சேர்த்து இன்றைய குரூப் பாலிசியைக் கொண்டு வந்தது. இதில் சட்டத்தை நீக்கினால் பெரும்பாலான கட்டுப்பாடுகள் தாமாகவே விலகிவிடும். எல்லாம் அல்ல, பெரும்பாலானவை. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டங்கள் நான்கு இடங்களிலிருந்து வரும். முதலில் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதிய சட்டம். அடுத்தது சைட், அதாவது நெட்வொர்க் அமைந்துள்ள இடத்துக்கான சட்டம். மூன்றாவது டொமைன், அதாவது அலுவலகம் முழுமைக்குமான சட்டம். கடைசியாக ஓயூ எனப்படும் ஆர்கனைசேஷனல் யூனிட், அதாவது அலுவலகத்தின் ஒரு பிரிவுக்கான சட்டம். ஒரே சுவருக்கு நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வண்ணம் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் அடித்த இடத்தில் அடுத்தவர் கை வைக்காவிட்டால் அந்த வண்ணம் அப்படியே இருக்கும். ஒரே இடத்தில் இருவர் அடித்தால், கடைசியாக அடித்தவரின் வண்ணமே கண்ணுக்குத் தெரியும். ஆகவே நீங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதும் சட்டம்தான் இருப்பதிலேயே பலவீனமானது. மோதல் என்று சொல்கிறோமே தவிர, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கு சண்டை எதுவும் இல்லை. அது வரிசைப்படி எழுதிக்கொண்டு போகிறது. குழம்புவது நாம்தான்.

மேனாம்பேட்டில் ஒரு பட்டறை

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதிகளில் வீடு எது, பட்டறை எது என்று வெளியாள் கண்டுபிடிப்பது சிரமம். மேனாம்பேடு, கருக்கு, பட்டரவாக்கம் பக்கம் வந்தால், மாடியில் துணி காயும். கீழே லேத் ஓடும். அம்பத்தூர் நகராட்சி 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் இந்தக் கலவை அப்படியேதான் இருக்கிறது. நான் சாப்ட்வேர் எழுதுகிறவன். சர்வர் பராமரிப்பு என் வேலை இல்லை. ஆனால் தெருவில் ஒருவன் இன்ஜினீயரிங் படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் என்று தெரிந்தால் போதும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிக் கூப்பிட்ட ஒரு பட்டறையில் 18 கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் கட்டி ஆள, டொமைன் கண்ட்ரோலராக ஒரு பழைய சர்வர். டாலி கணக்குகளுக்காகப் புதிதாக இரண்டாவது சர்வர் ஒன்றை வாங்கி நெட்வொர்க்கில் சேர்த்திருந்தார்கள். கணக்குப் பார்க்கும் அக்கா தன் மேஜையிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அந்த சர்வருக்குள் நுழைந்து டாலியில் வேலை செய்ய வேண்டும். திட்டம் நல்ல திட்டம்தான்.

இப்படி நுழைய வேண்டுமானால், சர்வரில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் என்ற குழுவில் அவருடைய பெயர் இருக்க வேண்டும். சர்வர் விற்ற கடையிலிருந்து வந்த டெக்னீசியன் 15ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குப் பெயரைச் சேர்த்தார். வேலை செய்தது. மறுநாள் காலை, இந்த அக்கவுண்டுக்கு ரிமோட் வழியாக நுழைய அனுமதி இல்லை என்று செய்தி வந்தது. குழுவைத் திறந்து பார்த்தால் பெயர் இல்லை. மறுபடி சேர்த்தார். அன்று முழுவதும் ஓடியது. சாயங்காலத்துக்கு மேல் இல்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சேர்த்தார். இந்த முறை ஒன்றரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

இங்கேதான் விஷயம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போனது. கம்ப்யூட்டர் செய்தால் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி செய்யாதா? ஒருநாள் ராத்திரி, ஒருநாள் சாயங்காலம், ஒருநாள் நண்பகலுக்கு முன் என்றால் யாரோ கை வைக்கிறார்கள் என்றுதானே தோன்றும்! சர்வரின் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் எழுதிய துண்டுச் சீட்டு அக்காவின் மேஜை டிராயரில்தான் இருந்தது. புதிய சர்வர் வேண்டாம், பழைய முறையே எனக்கு வசதி என்று அவர் ஆரம்பத்தில் சொன்னதும் முதலாளிக்கு நினைவு வந்துவிட்டது. "அந்தம்மாதான் தம்பி ஏதோ பண்றாங்க. புடிக்கலைன்னா நேரா சொல்லலாம்ல?" என்றார் என்னிடம். பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தவர், பக்கத்து அறையில் இதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத் தேதி 18. மாதம்தோறும் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி படிவம் 20ஆம் தேதிக்குள் போக வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கணக்கு முழுவதும் புதிய சர்வருக்கு மாறியாகிவிட்டது.

ஆளா, மெஷினா?

இப்படி ஒரு சந்தேகம் வந்தால் யாரையும் கேட்க வேண்டாம். சர்வரே குறிப்பு எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் ஈவன்ட் வியூவர் என்று தேடித் திறக்கவும். இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் செக்யூரிட்டி என்ற பிரிவில் கிளிக் செய்திடவும். ஆயிரக்கணக்கில் வரிகள் கிடைக்கும், பயப்பட வேண்டாம். வலது பக்கம் உள்ள பில்டர் கரன்ட் லாக் என்பதில் கிளிக் செய்து, ஈவன்ட் எண்ணுக்கான கட்டத்தில் 4733 என டைப் செய்து என்டர் தட்டவும். கம்ப்யூட்டரில் உள்ள ஒரு குழுவிலிருந்து ஒரு பெயர் நீக்கப்பட்டால் பதிவாகும் எண் இது. யார் நீக்கியது, எப்போது நீக்கியது என்ற இரண்டும் அதில் இருக்கும்.

மூன்று பதிவுகள் கிடைத்தன. முதலாவது, அதிகாலை 2.10. இரண்டாவது, சாயங்காலம் 6.40. மூன்றாவது, காலை 11.10. மூன்றிலும் நீக்கியவர் என்ற இடத்தில் சிஸ்டம் என்றும், அதனுடன் சர்வரின் சொந்தப் பெயரும் கடைசியில் ஒரு டாலர் குறியும் இருந்தன. டாலர் குறியோடு முடிந்தால் அது மனிதரின் அக்கவுண்ட் அல்ல; கம்ப்யூட்டரின் அக்கவுண்ட். பக்கத்தில் உள்ள அப்ளிகேஷன் லாக்கில் அதே நேரங்களில் எஸ்சிஇகிளை என்ற பெயரில் 1704 என்ற எண். பாதுகாப்புச் சட்டங்கள் வெற்றிகரமாக அமல்படுத்தப்பட்டன என்பது அதன் பொருள்.

இந்த நேரக் கணக்குக்கும் காரணம் உண்டு. சாதாரணமாக டொமைனில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஏதோ ஒரு கூடுதல் இடைவெளி சேர்த்து, சட்டங்களில் மாற்றம் உண்டா என்று டொமைன் கண்ட்ரோலரிடம் கேட்கும். எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே நொடியில் போய்க் கதவைத் தட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கூடுதல் இடைவெளி. மாற்றம் இல்லை என்றால் சும்மா இருந்துவிடும். ஆனால் பாதுகாப்பு தொடர்பான சட்டங்களை மட்டும், மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 16 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதும். 2.10லிருந்து 6.40 வரை பதினாறரை மணி நேரம். 6.40லிருந்து மறுநாள் 11.10 வரை மறுபடியும் பதினாறரை. நாளுக்கு 24 மணி நேரம் என்பதால் ஒவ்வொரு முறையும் வேறு வேளையில் போய் விழுகிறது. ஆள் செய்வது போலத் தோன்றியது இதனால்தான்.

முதலாளியை அழைத்துத் திரையைக் காட்டினேன். அதிகாலை 2.10 என்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்து அறைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வரும்போது எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு வந்தார்.

எந்தச் சட்டம்?

சிஸ்டம்தான் நீக்குகிறது என்று தெரிந்துவிட்டது. எந்தச் சட்டம் நீக்கச் சொல்கிறது என்பதை ஜிபிரிசல்ட் என்ற கட்டளை சொல்லும். கமாண்ட் ப்ராம்ப்ட் ஐகானில் ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கும் பிரிவைத் தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கான பாதி அறிக்கை வராது. அங்கே ஜிபிரிசல்ட், ஒரு இடைவெளி, சாய்கோடு, எச், மறுபடி இடைவெளி, பைலுக்கு ஒரு பெயர் என்று டைப் செய்து என்டர் தட்டவும். பெயரின் முடிவில் புள்ளி வைத்து எச்டிஎம்எல் என்று சேர்க்கவும். அந்தப் பைலை பிரவுசரில் திறந்தால், ஒவ்வொரு செட்டிங்குக்கும் எதிரே வின்னிங் ஜிபிஓ என்று ஒரு பெயர் இருக்கும். சுவரில் கடைசியாக வண்ணம் அடித்தவர் அவர்தான்.

இங்கே ரெஸ்ட்ரிக்டட் க்ரூப்ஸ் என்ற பகுதியில் விடை கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் நெட்வொர்க் அமைத்த ஒருவர், பட்டறைக் கம்ப்யூட்டர்களுக்குள் யாரும் ரிமோட் வழியாக நுழையக் கூடாது என்று, டொமைன் முழுமைக்குமான சட்டத்தில் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவை எழுதி, உறுப்பினர் பட்டியலைக் காலியாக விட்டிருந்தார். பட்டியல் காலி என்றால் கவலை வேண்டாம் என்று பொருள் அல்ல. யாரும் இருக்கக் கூடாது என்று பொருள். அன்றைக்கு அது சரியான முடிவு. ரிமோட் வழியாக நுழைந்தே ஆக வேண்டிய ஒரு சர்வர் பின்னால் வரும் என்று அவர் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

டெக்னீசியனும் சும்மா இருந்துவிடவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், சர்வர்களுக்கென்று தனி ஓயூ ஒன்றை ஏற்படுத்தி, புதிய சர்வரை அதற்குள் நகர்த்தி, கணக்குப் பிரிவுக் குழுவை அனுமதிக்கும் புதிய சட்டம் ஒன்றையும் அதில் இணைத்திருந்தார். ஓயூ சட்டம் கடைசியில் எழுதப்படுவதால் அதுதான் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்கவில்லை. விண்டோஸ் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட வேண்டும் என்று அவர் சொல்லி, அதற்கு ஒரு தொகையும் கேட்டிருந்தார்.

டொமைன் கண்ட்ரோலரில் குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் விண்டோவைத் திறந்தால் காரணம் கண்ணில் படும் இடத்திலேயே இருந்தது. டொமைன் சட்டத்தின் ஐகானில் சின்னதாக ஒரு பூட்டு. என்போர்ஸ்ட் என்று குறித்த சட்டத்துக்கு அந்தப் பூட்டு வரும். விண்டோஸ் 2000 காலத்தில் இதற்கு நோ ஓவர்ரைட் என்று பெயர். எனக்கு அந்தப் பழைய பெயர்தான் பிடிக்கும், செய்கிற வேலையை அப்படியே சொல்கிறது. வரிசை எப்படி இருந்தாலும், பூட்டுப் போட்ட ஆள்தான் கடைசியில் வந்து வண்ணம் அடிப்பார். ஓயூவில் பிளாக் இன்ஹெரிட்டன்ஸ் போட்டாலும் அவரைத் தடுக்க முடியாது.

பூட்டை எடுத்துவிட்டால் ஒரு நிமிட வேலை. எடுக்க வேண்டாம் என்றேன். அதே சட்டத்தில்தான் பென் ட்ரைவ் தடையும் இருந்தது. வாடிக்கையாளர்களின் டிராயிங்குகள் வெளியே போகாமல் காப்பது அதுதான். ஆகவே சட்டத்தை இரண்டாகப் பிரித்தோம். முதலில் பழைய சட்டத்தில் ரைட் கிளிக் செய்து பேக்கப் எடுத்து வைத்தோம். இதை எப்போதும் செய்யுங்கள். பிறகு பட்டறையில் இருந்த 18 கம்ப்யூட்டர்களுக்கும் தனியாக ஒரு ஓயூ. அதுவரை அவை எல்லாம் கம்ப்யூட்டர்ஸ் என்ற போல்டரிலேயே கிடந்தன. டொமைனில் புதிதாகச் சேரும் எதுவும் முதலில் அங்கேதான் போய் விழும். பார்க்க ஓயூ போலவே இருந்தாலும் அது ஓயூ அல்ல. அதில் சட்டம் எதையும் இணைக்க முடியாது. ரிமோட் தடையை மட்டும் தனிச் சட்டமாக எழுதி, இந்த 18க்கான ஓயூவில் இணைத்தோம். கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் செய்தோம். அதன் பிறகே டொமைன் சட்டத்திலிருந்து அந்தத் தடையை நீக்கினோம். இந்த வரிசை முக்கியம். முன்னதை எடுத்துவிட்டுப் பின்னதைச் சேர்த்தால் நடுவில் கதவு திறந்து கிடக்கும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க 16 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஜிபிஅப்டேட், இடைவெளி, சாய்கோடு, போர்ஸ் என்று கொடுத்தால் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லாச் சட்டங்களையும் அப்போதே மறுபடி எழுதும். சர்வரில் இரண்டு முறை கொடுத்தோம். குழுவில் கணக்குப் பிரிவு அப்படியே நின்றது. 3பி படிவம் 19ஆம் தேதி மதியம் போய்விட்டது.

வருங்காலத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் வந்து அதே போல்டரில் விழாமல் இருக்க, ரெடிர்சிஎம்பி என்ற கட்டளை மூலம் புதியவை நேராக நாம் சொல்லும் ஓயூவுக்குப் போகும்படி செய்யலாம். செய்தோம். அந்தப் பாஸ்வேர்ட் சீட்டும் டிராயரை விட்டுப் போனது.

இதே போன்ற சிக்கல் உங்கள் அலுவலகத்தில் வந்தால் சட்டங்களைக் குடைவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். புதிய சர்வரின் டிஎன்எஸ் முகவரி டொமைன் கண்ட்ரோலரைக் காட்டுகிறதா? இன்டர்நெட் நன்றாக வருகிறதே என்று வெளி டிஎன்எஸ் முகவரி கொடுத்துவிட்டால், சட்டம் இருக்கும் வீட்டுக்கே அதற்கு வழி தெரியாது. அடுத்தது கடிகாரம். இரண்டு கம்ப்யூட்டர்களின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், வழக்கமான அமைப்பில் ஒன்றை ஒன்று நம்பாது. இன்னொன்று, 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 என்ற பாதுகாப்பு அப்டேட். அதன் பிறகு, சட்டத்தின் அனுமதிப் பட்டியலிலிருந்து ஆதன்டிகேட்டட் யூசர்ஸ் என்பதை முழுவதுமாக நீக்கியிருந்தால், யூசருக்கான சட்டங்கள் சத்தமில்லாமல் வேலை செய்யாமல் போகும். படிக்கும் அனுமதியையாவது அதற்கு விட்டு வைக்க வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில்

டொமைன் இல்லாத வீட்டில் மேலே சொன்ன நான்கில் முதலாவது மட்டும்தான் உண்டு. உங்களிடம் விண்டோஸின் ப்ரோ பதிப்பு இருந்தால், விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் ஆங்கிலத்தில் ஜி, பி, இ, டி, ஐ, டி ஆகிய எழுத்துகள், ஒரு புள்ளி, பிறகு எம், எஸ், சி என டைப் செய்து என்டர் தட்டவும். அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ் பிரிவில் கீழே உள்ள ஆல் செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, ஸ்டேட் என்ற தலைப்பில் கிளிக் செய்திடவும். யாராவது மாற்றி வைத்தவை எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து தெரியும். ஹோம் பதிப்பில் இந்த விண்டோ கிடையாது. கொண்டு வருகிறோம் என்று சொல்லும் இலவச புரோகிராம்களை இறக்கிப் போடாதீர்கள்.

குரோம் பிரவுசரில் மட்டும் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று வந்தால், முகவரிக் கட்டத்தில் குரோம், அரைப்புள்ளி அல்லாத இரட்டைப் புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என டைப் செய்து பாருங்கள். நீங்கள் போடாத தேடல் தளமோ எக்ஸ்டென்ஷனோ அங்கே கட்டாயமாக்கப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் ஏதோ கெட்ட புரோகிராம் செய்த வேலை. ஆன்டி வைரஸ் கொண்டு முழுவதும் ஸ்கேன் செய்திடவும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வேறெங்கோ அலுவலகங்கள் கழித்த கம்ப்யூட்டரை வாங்குகிறவர்களுக்கு இது அதிகம் பொருந்தும். பழைய அலுவலகத்தின் சட்டங்கள் அதில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸ் விண்டோவில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் அக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல் என்பதைத் திறந்தால், நீங்கள் அறியாத நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று தெரியும். ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருப்பதைவிட விண்டோஸைப் புதிதாகப் பதிந்துகொள்வதே மேல். முன்பு யார் என்ன விட்டுப் போனார்கள் என்ற கவலை இராது. ஆனால் புதிதாகப் பதிந்து இன்டர்நெட்டில் இணைத்ததும், ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைப் போட்டு அதன் அக்கவுண்ட் கொண்டு நுழையச் சொன்னால், அந்த மெஷின் இன்னும் அவர்களுடைய ஆட்டோபைலட் பட்டியலில் இருக்கிறது என்று பொருள். பட்டியலிலிருந்து அவர்கள்தான் நீக்க வேண்டும். பில்லுடன் கடைக்காரரிடம் கொண்டுபோய், நீக்கித் தரச் சொல்லுங்கள், அல்லது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.